தலையைச் சாய்ச்சா தெரியுதா, கண்ணு?

இத்தனை காசு குடுத்துக் காரு வாங்கியிருக்கே. முன்கண்ணாடியில வேகத்தோட நம்பரு தெரியோணும்னு, கீழ் ரகம் வேண்டாம் மேல் ரகந்தான் வேணும்னு அடம்புடிச்சு வாங்கியிருக்கே. இப்ப அந்த நம்பரைக் காணோம்ங்கறே. சர்வீஸ் சென்டருக்குப் போன் மேல போன் போடறே. பல்பு போயிருச்சா, சென்சார் போயிருச்சா, சாப்ட்வேர் அப்டேட் பண்ணோணுமான்னு கேக்கறே. அங்கிருக்கற பையன் உன்னைய விட வெவரம். 'கொண்டாங்க சார், செக் பண்ணிப்புடலாம்'ங்கறான். சொல்லாம என்ன? பில்லு போட அவனுக்கும் ஆளு வேணுமல்ல?

அப்பாரு ஒன்னே ஒன்னு கேக்கறேன். உன்ற மூக்கு மேல என்னத்தை மாட்டியிருக்கே?

அதைக் கழட்டு. இப்பப் பாரு. வந்துருச்சா நம்பரு? 62-ன்னு பச்சையா நிக்குதா? மறுக்கா மாட்டு. போயிருச்சா? பல்பும் போகுல, சென்சாரும் போகுல. ரெண்டும் அதது வேலையை ஒழுங்காத்தான் பாக்குது. நடுவால உக்காந்திருக்கற ஆளுக்குத்தான் வெவரம் பத்துல.

கோவிச்சுக்காதே. சொல்றதைச் சித்த பொறுமையாக் கேளு. நீ வாங்கின ரெண்டு சாமானும் பொறந்த கதை தெரிஞ்சா உனக்கே சிரிப்பு வந்துரும்.

மொதல்ல, நம்பரு காட்டற அந்த ஹெட்-அப் டிஸ்ப்ளே. அது சண்டை ஏரோப்ளேன்ல இருந்து வந்த சாமான். எதிரியைக் குறி பாக்கறவன் ஒரு நொடி குனிஞ்சு மீட்டரைப் பாத்தான்னா அந்த நொடியில அவன் கதையை முடிச்சுப்புடுவாங்க. அதனால அவன் கண்ணுக்கு நேரா ஒரு கண்ணாடியை வெச்சு, குறியையும் கணக்கையும் அதுலயே காட்டினாங்க. நாயம். உசுரு போற வேலை. உனக்கென்ன கண்ணு? அவினாசிக்கும் பெருந்துறைக்கும் நடுவால எந்த எதிரி உன்னையக் குறி பாத்துக்கிட்டு நிக்கறான்? மீட்டரு ஸ்டியரிங்குக்கு அக்கட்டால, ஒரு சாண் கீழதானே இருக்குது? கண்ணைத் தாழ்த்தினா கழுத்தா சுளுக்கிக்கும்?

சரி, அதுக்கும் ஒரு நாயம் இருக்குது. பின்னால சொல்றேன்.

1988-ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம்ங்கற காருல இதைக் கொண்டாந்து வெச்சாங்க. பொறவு பெரிய எடத்து வண்டி ஒவ்வொன்னுலயும் ஏறுச்சு. நம்ம நாட்டுல 2019-ல வந்த கியா செல்டோஸ், 2022-ல வந்த புதுப் பலேனோன்னு நடுத்தரக் குடும்பத்து வண்டி வரைக்கும் எறங்கி வந்துருச்சு. ஆனா அடி ரகத்துல குடுப்பாங்களா? மாட்டாங்க. மேல் ரகத்துலதான். அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. நம்பரு தெரியறதுக்கு நீ காசு குடுக்குல கண்ணு, பக்கத்துல உக்கார்ற மச்சான் 'அட, இது என்னங்க மாப்பிள்ளை'ன்னு கேக்கறதுக்குக் குடுக்கறே. அந்த மச்சான் எடத்துல இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது. ஓட்டறவன் கண்ணு இருக்கற ஒசரத்துக்கு மட்டுந்தான் அது தெரியும். அதையும் ஷோரூம்ல சொல்லியிருக்க மாட்டாங்க.

அது எப்புடி வேலை செய்யுது? டேஷ்போர்டுக்குள்ள ஒரு பொட்டி. அதுக்குள்ள சின்னதா ஒரு எல்.சி.டி. திரை. அதுக்குப் பின்னால பலமான விளக்கு. திரையில தெரியறதை ஒரு கண்ணாடி வாங்கி இன்னொரு வளைஞ்ச கண்ணாடிக்குக் குடுக்கும். அது பெருசாக்கி முன்கண்ணாடிக்கு அனுப்பும். முன்கண்ணாடியில பட்டுத் திரும்பி உன்ற கண்ணுக்கு வரும். உனக்கு என்ன தெரியுமுன்னா, பானெட்டு முடியற எடத்துல, ரெண்டு ரெண்டரை மீட்டருக்கு அக்கட்டால, நம்பரு அந்தரத்துல தொங்கற மாதிரி தெரியும். சலீசான வண்டியில முன்கண்ணாடிக்குப் பதுலா தனியா ஒரு சின்னத் தகடு மேல எந்திரிச்சு நிக்கும். தந்திரம் ஒன்னுதான். கண்ணாடியில பட்டுத் திரும்புற வெளிச்சம். இதை நெனப்புல வெச்சுக்கோ. திரும்பி வர்ற வெளிச்சம்.

இப்ப உன்ற கூலிங் கிளாசுக்கு வர்றேன்.

போலரைஸ்டுன்னு எழுதியிருந்துச்சுன்னு ரெண்டு மடங்கு காசு குடுத்து வாங்கினயே, அப்புடின்னா என்னன்னு கேட்டயா? கேட்டிருக்க மாட்டே. கடைக்காரன் ஒரு அட்டையை நீட்டியிருப்பான். வெறுங்கண்ணுல பாத்தா வெள்ளையாத் தெரியும், கண்ணாடி போட்டுப் பாத்தா மீனு தெரியும். நீயும் 'ஆஹா'ன்னிருப்பே. மீனுக்காக வாங்கினயா, ரோட்டுக்காக வாங்கினயா?

வெளிச்சம் ஆடிக்கிட்டே வர்ற சமாச்சாரம் கண்ணு. சூரியன்ல இருந்து வர்றப்ப மேலுங்கீழுமா, பக்கவாட்டுல, கோணலான்னு எல்லாப் பக்கமும் ஆடிக்கிட்டு வரும். ஆனா தார் ரோட்டுல பட்டு, ஏரித் தண்ணியில பட்டு, உன்ற பானெட்டு மேலயே பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் கூச வெக்குதே, அந்தப் பளபளப்பு பெரும்பாலும் பக்கவாட்டுல மட்டும் ஆடிக்கிட்டு வரும். ஆட்டுப் பட்டிக்குக் குச்சியை நட்டுக்குத்தலா வெச்சுப் படல் கட்டறமல்ல? அந்தச் சந்துக்குள்ள ஒரு கயித்தை உட்டு, அந்தப் பக்கம் ஒருத்தன் மேலுங்கீழுமா ஆட்டட்டும். அலை இந்தப் பக்கம் வந்து சேரும். பக்கவாட்டுல ஆட்டட்டும். குச்சியில மோதி அங்கயே நின்னு போயிரும். உன்ற போலரைஸ்டு கண்ணாடி அந்தப் படல்தான். மேலுங்கீழும் ஆடறதை உள்ள உடும். பக்கவாட்டுல ஆடறதை நிறுத்திப்புடும். அதனாலதான் ரோட்டுப் பளபளப்பு அடங்குது, தண்ணிக்குள்ள மீனு தெரியுது.

இதை நேத்திக்குக் கடைக்காரன் கண்டுபுடிக்குல. 1808-ல பாரிஸ்ல மாலுஸ்னு ஒருத்தர், எதுத்தாப்பல இருந்த லக்ஸம்பர்க் அரண்மனைச் சன்னல்ல பட்டு வந்த சாயங்கால வெயிலை ஒரு படிகக் கல்லு வழியாப் பாத்தார். ரெண்டு பிம்பம் தெரிஞ்சுது. கல்லைத் திருப்பத் திருப்ப ஒன்னு மங்கி இன்னொன்னு தெளிஞ்சுது. கண்ணாடியில பட்டுத் திரும்புற வெளிச்சத்துக்கு ஒரு தனிக் கொணம் இருக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டார். 1815-ல ஸ்காட்லாந்துக்காரர் புரூஸ்டர் அதுக்குக் கணக்குச் சொன்னார். நேருக்கு நேரா விழுகாம ஒரு சாய்மானத்துல விழுந்தா, திரும்புற வெளிச்சம் முழுக்க முழுக்கப் பக்கவாட்டு ஆட்டந்தான். தண்ணிக்கு அந்தச் சாய்மானம் 53 டிகிரி, கண்ணாடிக்கு 56 வாக்குல. அந்த 56-ஐயும் நெனப்புல வெச்சுக்கோ. பின்னால உன்னைய வந்து கடிக்கும்.

நம்மாளு ஒருத்தரும் இதுல கை வெச்சிருக்கார். திருச்சியில பொறந்த சி.வி. ராமன். 1921-ல சீமையில இருந்து கப்பல்ல திரும்பறப்ப, கடலு ஏன் நீலமா இருக்குதுன்னு ரோசனை. வானத்து நீலத்தைத்தான் கடலு காட்டுதுன்னு பெரிய பெரிய ஆளுங்க சொல்லி வெச்சிருந்தாங்க. இவரு ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கையில வெச்சுக்கிட்டு, கடலுக்கு மேல பட்டுத் திரும்புற வானத்து வெளிச்சத்தை நிறுத்திப்புட்டுப் பாத்தார். அப்பவும் கடலு நீலமாவே இருந்துச்சு. தண்ணியே வெளிச்சத்தைச் செதறடிக்குதுன்னு புடிச்சுக்கிட்டார். அந்த ரோசனை போயி 1928-ல ராமன் விளைவுல நின்னுச்சு. 1930-ல நோபல் பரிசு. அவரு கையில இருந்ததும் படல்தான், உன்ற மூக்கு மேல இருக்கறதும் படல்தான். எதைத் தடுக்கறோம்னு அவருக்குத் தெரியும்.

அந்தப் படிகக் கல்லை எல்லாம் வெட்டி மூக்குக்கண்ணாடி செய்ய முடியாதல்ல? சலீசா ஒரு தாளு வேணும். அது வந்த கதை இன்னும் வேடிக்கை. 1852-ல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல ஹெரபாத்னு ஒரு டாக்டர். அவருகிட்டப் படிச்ச பையன், கொய்னா மருந்து குடுத்த ஒரு நாயோட மூத்தரத்துல அயோடினை உட்டிருக்கான். பச்சைப் பச்சையா ஊசிப் படிகம் வந்துச்சு. டாக்டர் அதை மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாத்தா, ஒன்னு மேல ஒன்னு குறுக்கால கெடந்த எடம் கருகருன்னு இருக்குது. படலுக்கு மேல படலைக் குறுக்கால வெச்சா எந்த ஆட்டமும் உள்ள வராது பாரு, அதேதான். உன்ற ஸ்டைலுக்கு மூதாதை ஒரு நாயோட மூத்தரம். இதை நான் சொல்லுல கண்ணு, சரித்திரம் சொல்லுது. அடுத்த தடவை கண்ணாடியை நெத்தி மேல ஏத்திக்கிட்டு செல்பி எடுக்கறப்ப நெனச்சுக்கோ.

அந்தப் படிகத்தை வெச்சுத்தான் அமெரிக்காவுல எட்வின் லேண்டுங்கற இளவட்டம் 1929-ல மெல்லிசான தாளு செஞ்சார். பின்னால போலராய்டு கம்பெனி ஆரம்பிச்சாரே, அவருதான். எதுக்குச் செஞ்சார்னு கேளு. கூலிங் கிளாசுக்கா? இல்ல. காருக்கு! ராத்திரி எதுத்தாப்பல வர்ற வண்டியோட ஹெட்லைட்டு கண்ணைக் கூசுதே, அதைத் தடுக்கத்தான். ஒவ்வொரு வண்டி விளக்குக்கும் ஒரு தாளு, ஓட்டறவன் கண்ணு முன்னால ஒரு தாளு. எதுத்தவன் வெளிச்சம் உன்னையக் கூசாது, உன்ற வெளிச்சம் அவனைக் கூசாது. எப்பேர்ப்பட்ட ரோசனை! ஆனா ஊர்ல இருக்கற வண்டி அத்தனைக்கும் மாட்டினாத்தான் பலன். கார் கம்பெனிக்காரங்க ஒத்துக்குல. அதனால அந்தத் தாளு மூக்கு மேல ஏறி ஒக்காந்துக்குச்சு. இன்னைக்குப் பாரு, ராத்திரி பைபாஸ்ல நாலு எல்.இ.டி. பல்பை ஹை-பீம்ல போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தனும் எதுத்தவன் கண்ணைப் பொசுக்கறான். அதுக்கு வேணுங்கற எடத்துல தாளு இல்ல. காரு ஓட்டறவனுக்காகப் பொறந்த தாளு, இப்பக் காரு காட்டற நம்பரையே மறைக்குது. இதுக்கு அப்பாரு சிரிக்காம என்ன பண்ணட்டும்?

இப்ப ரெண்டையும் முடிச்சுப் போடறேன்.

உன்ற காரோட முன்கண்ணாடி நல்லாச் சாஞ்சு இருக்குது. பொட்டியில இருந்து வர்ற வெளிச்சம் அதுல விழுகற சாய்மானம், நான் சொன்னேனே 56, அதுக்குப் பக்கத்துலதான். அந்தச் சாய்மானத்துல மேலுங்கீழும் ஆடற வெளிச்சம் விழுந்தா என்ன ஆகும்? திரும்பவே திரும்பாது. கண்ணாடியைத் தாண்டி வெளிய ஓடிப்போயிரும். பக்கவாட்டுல ஆடறதுதான் ஒழுங்காத் திரும்பி உன்ற கண்ணுக்கு வரும். எல்.சி.டி. திரை ஒரே ஆட்டத்துல மட்டுந்தான் வெளிச்சத்தை உடும். அதனால இஞ்சினியரு ரோசனை பண்ணி, பக்கவாட்டு ஆட்டத்தை வெச்சான். வேற வழியில்ல அவனுக்கு. அப்பத்தான் வெயில்லயும் நம்பரு பளிச்சுன்னு தெரியும்.

நீ மூக்கு மேல மாட்டியிருக்கற சாமான் எதைத் தடுக்கும்னேன்? பக்கவாட்டு ஆட்டத்தை. கண்ணாடியில பட்டுத் திரும்பின எந்த வெளிச்சத்தையும் தொந்தரவுன்னுதான் அது நெனைக்கும். ரோட்டுப் பளபளப்புன்னு அதுக்குத் தெரியுமா, நீ லட்ச ரூவா சேத்துக் குடுத்து வாங்கின நம்பருன்னு தெரியுமா? ரெண்டையும் ஒரே அடியில அடிச்சுப் போடுது. கோளாறு எங்கயும் இல்ல. வண்டியோட கூட வர்ற புஸ்தகத்துல, போலரைஸ்டு கண்ணாடி போட்டா இது சரியாத் தெரியாதுன்னு பல கம்பெனி எழுதியே வெச்சிருக்கறாங்க. அந்தப் புஸ்தகம் இன்னும் பிளாஸ்டிக் கவரு பிரிக்காம டேஷ்போர்டு பொட்டிக்குள்ள கெடக்குதா? கெடக்கும். பூஜை போட்ட அன்னைக்கு வெச்சது.

அடுத்தாப்பல நீ பண்ணின கூத்து. தலையைச் சாய்ச்சா நம்பரு தெரியுதுன்னு கண்டுபுடிச்சுக்கிட்டே. தெரியத்தான் செய்யும். தலை சாஞ்சா படலும் சாயும், பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் உள்ள வரும். அதுக்குன்னு சேலம் போற வரைக்கும் தலையைத் தோள்பட்டையில போட்டுக்கிட்டு ஓட்டுவாங்களா? பக்கத்துல பஸ்ஸுல போறவன், பாவம், பையனுக்கு வலிப்பு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனைக்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடம் நேராத்தான் இருக்குது சாமி, கோணலா நிக்கறது நீ.

அதுவும் பத்தாதுன்னு செட்டிங்ஸுக்குள்ள பூந்துட்டே. வெளிச்சத்தைக் கூட்டினே. நூத்துல பத்துக்கூட உள்ள வராத எடத்துல எத்தனை கூட்டினா என்ன? சாயங்காலம் கண்ணாடியைக் கழட்டினப்ப அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியிருக்குமே? பொறவு 'ரொட்டேஷன்'னு ஒன்னு இருக்குதுன்னு அதைத் திருகினே. அது படத்தைச் சாய்க்கும். வெளிச்சத்தோட ஆட்டத்தைச் சாய்க்காது. இப்ப 80-ங்கற நம்பரு கோணலா நிக்குது, அதுவும் தெரியாம நிக்குது.

இன்னொரு கூத்தும் உண்டு. பின்பக்கக் கண்ணாடியில திட்டுத் திட்டா என்னமோ தெரியுதுன்னு ஃபிலிம் ஒட்டினவன்கிட்டப் போயிச் சண்டை போட்டயாமே? அவன் என்ன பண்ணுவான்? பின்கண்ணாடியும் பக்கத்துக் கண்ணாடியும் சூடு காட்டிச் சட்டுனு குளுர வெச்சுக் கெட்டிப்படுத்தினது. ஒடைஞ்சாச் சில்லுச் சில்லாக் கொட்டறதுக்காக அப்புடிச் செய்யறாங்க. அந்தக் கெட்டிப்படுத்தின அழுத்தம் கண்ணாடிக்குள்ளயே நிக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, உன்ற கூலிங் கிளாசுக்குத் தெரியும். போ, அந்தப் பையன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வா. அப்புடியே பெட்ரோல் பங்க்குல மீட்டரு கருப்பாத் தெரியுதுன்னு ஏதாச்சும் பேசியிருந்தீன்னா அங்கயும் ஒரு டீ. போன் ஸ்கிரீனு நட்டுக்குத்தலா வெச்சாத் தெரியும், படுக்கப் போட்டா இருட்டாகும், இல்ல மாத்தி நடக்கும். எல்லாம் ஒரே கதைதான்.

ஏரோப்ளேன்காரனுக்கு இது எப்பவோ தெரியும். அமெரிக்காவுல விமானத்துறைக்காரங்களே பைலட்டுகளுக்குப் போலரைஸ்டு கண்ணாடி வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கறாங்க. மீட்டரு மறைஞ்சுரும், கண்ணாடியில கோடு கோடாத் தெரியும்னு காரணமும் சொல்லியிருக்கறாங்க. நீ பைலட்டு சாமானை வாங்கி மாட்டிக்கிட்டே, பைலட்டு புத்திமதியை மட்டும் வாங்காம உட்டுட்டே.

கூலிங் கிளாஸ் பேச்சு வந்ததுக்கு இதையும் கேட்டுக்கோ. போலரைஸ்டுன்னா யூ.வி. கதிரைத் தடுக்கும்னு எவனோ சொன்னான்னு நம்பிக்கிட்டிருக்கறயே, அது வேற, இது வேற. யூ.வி.-க்குத் தனியா எழுதியிருக்கோணும். கருப்பு எத்தனைக்கெத்தனை கூடுதோ அத்தனைக்கத்தனை நல்லதும் இல்ல. கண்ணாடிக்குத் தரம் 0-ல இருந்து 4 வரைக்கும் இருக்குது. 4-ம் தரம் நூத்துல எட்டுப் பங்கு வெளிச்சத்தைக்கூட உள்ள உடாது. பனிமலையில ஏர்றவனுக்குச் செஞ்சது. அதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னே விதி. நீ பாட்டுக்கு, நல்லாக் கருகருன்னு இருக்குதேன்னு அதை எடுத்துறாதே. குதிரான் சுரங்கத்துக்குள்ள பூந்து பாரு தெரியும். 2021-ல தெறந்தாங்களே, பாலக்காடு தாண்டித் திருச்சூர் போற வழியில. வெளிய கொளுத்துற வெயிலு, உள்ள விளக்கு வெளிச்சம். கருப்புக் கண்ணாடியோட உள்ள போறவனுக்குக் கொஞ்ச நேரம் முன்னால போற லாரியே தெரியாது. உன்ற ஹெட்-அப் டிஸ்ப்ளேவாச்சும் சுரங்கம் வந்தாத் தானா வெளிச்சத்தைக் கொறைச்சுக்கும். உனக்குக் கண்ணாடியைக் கழட்டோணும்னு சொல்ல யாரு இருக்கறா?

நாயம் ஒன்னு இருக்குதுன்னு சொன்னேனே, அதையும் சொல்லிப்புடறேன். அந்த ஹெட்-அப் டிஸ்ப்ளே நெசமாலுமே நல்ல சாமான். யாருக்கு? எனக்கு! வெள்ளெழுத்து வந்தவனுக்கு ஒரு மொழத்துல இருக்கற மீட்டரு மசமசன்னு தெரியும். ரோட்டைப் பாத்துட்டு மீட்டரைப் பாக்க, கண்ணு அட்ஜஸ்ட் ஆகறதுக்குள்ள ஒரு எரும மாடு குறுக்கால வந்துரும். நம்பரு ரெண்டரை மீட்டருக்கு அக்கட்டால நின்னா, எங்களுக்குக் கண்ணாடி இல்லாமலே பளிச்சுன்னு தெரியும். அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் அந்த வசதி முழுசாப் பலன் தரும். இருவத்தஞ்சு வயசுல, ஒரு மொழமும் தெரியுது, ஒரு மைலும் தெரியுதுங்கற கண்ணை வெச்சுக்கிட்டு நீ அதுக்குக் காசு குடுத்தே. குடுத்ததோட உடாம, தெரியாம இருக்கறதுக்கும் தனியாக் காசு குடுத்தே. உன்ற அப்பன் எனக்கு வாங்கித் தர்றேன்னு சொல்லி இன்னும் வாங்கித் தருல. அது வேற கதை.

இன்னொன்னு. அந்த முன்கண்ணாடி மேல கல்லு கில்லு பட்டு ஒடைஞ்சுதுன்னா, ரோட்டோரத்துல சலீசாக் கெடைக்குதேன்னு எதையாச்சும் மாட்டிப்புடாதே. ஹெட்-அப் டிஸ்ப்ளே வண்டியோட கண்ணாடி வேற. ரெண்டு கண்ணாடிக்கு நடுவால ஒரு பிளாஸ்டிக் தாளு இருக்கும். சாதா வண்டியில அது ஒரே கனம். இந்த வண்டியில மேல கனமா, கீழ மெல்லிசா ஆப்பு வடிவத்துல இருக்கும். ஏன்னா உள்பக்கக் கண்ணாடியிலயும் ஒரு பிம்பம் வரும், வெளிப்பக்கத்துலயும் ஒரு பிம்பம் வரும். ஆப்புத் தாளு ரெண்டையும் ஒன்னாச் சேத்து வெக்குது. சாதாக் கண்ணாடி மாட்டினா ரெட்டை ரெட்டையாத் தெரியும். அப்பவும் நீ சாப்ட்வேருன்னுதான் சொல்லுவே.

தீர்வே இல்லையான்னு கேக்கறயா? இருக்குது. மேலுங்கீழும் ஆடற வெளிச்சத்தையும் திருப்பி உடறாப்பல முன்கண்ணாடியில பூச்சு வெக்கறதுக்குக் கம்பெனிக்காரங்க வேலை பாத்துக்கிட்டிருக்கறாங்க. அந்த மாதிரி வண்டியில கண்ணாடி போட்டாலும் நம்பரு தெரியும். ஆனா அதுக்குன்னு இருக்கற வண்டியைத் தள்ளிப்புட்டு அடுத்த வண்டி எடுக்கலாமான்னு கண்ணைச் சிமிட்டாதே. தவணை இன்னும் முடியுல.

உனக்குச் செலவு கம்மியான வழி சொல்றேன். போலரைஸ்டு இல்லாத சாதாக் கூலிங் கிளாஸ் ஒன்னு வாங்கு. யூ.வி. தடுக்கறதா, நடுத்தரக் கருப்பா இருக்கட்டும். நம்பரு கொஞ்சம் மங்கலாத் தெரியும், ஆனாத் தெரியும். மழை பேஞ்ச ரோட்டுல வெயிலு அடிச்சாலோ, சாயங்காலம் பாலக்காட்டுப் பக்கம் சூரியனைப் பாத்து ஓட்டினாலோ, போலரைஸ்டு மாட்டிக்கோ. அது நெசமாலுமே நல்ல வேலை பாக்கும், கண்ணு கூசறதை விட நம்பரு தெரியாதது ஒன்னும் பெரிய நட்டமில்ல. வேகத்தை மீட்டருல பாத்துக்கோ. அது நீ வாங்கின அன்னையில இருந்து ஒரு சாண் கீழ அங்கயேதான் இருக்குது. கண்ணாடி வாங்கறப்பப் போலரைஸ்டா இல்லையான்னு தெரிஞ்சுக்கோணும்னா, போனைத் தெறந்து வெச்சு அதுக்கு முன்னால கண்ணாடியைத் திருப்பு. ஸ்கிரீனு ஒரு சாய்மானத்துல இருட்டாச்சுன்னா போலரைஸ்டு. கடைக்காரனோட மீன் அட்டை வேண்டாம்.

அடுத்த வண்டி எடுக்கப் போறப்ப, நீ தெனமும் போடற கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போ. வெயில்ல வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓட்டறவன் சீட்டுல உக்காந்து பாரு. நம்பரு தெரிஞ்சாக் காசைக் குடு. தெரியிலயா, கீழ் ரகத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அப்பன் கையில குடு. பொழுது சாஞ்ச பொறவு அந்தக் கருமாந்திரத்தைக் கழட்டி டப்பாவுல போடு. ராத்திரியில கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டறவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கறாங்க கண்ணு.